தாழ்த்திய கார் தரை தட்டுகிறதா? சத்தத்தையும் தடத்தையும் வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

காரைத் தாழ்த்தியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "காரின் அடிப்பாகத்தைக் காக்க எந்தத் தகடு பூட்டலாம்?" என்பதாகவே இருக்கிறது. முதலில் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள் என்பதே என் பதில். எந்த இடம் அடி வாங்குகிறது, எப்படி வாங்குகிறது என்று தெரியாமல் தகடு பூட்டினால், மிச்சமிருக்கும் கொஞ்ச உயரமும் போய்விடும். 5 மி.மீ. தகடு, அதற்கும் ஆயில் சம்புக்கும் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பாத்திரம்) நடுவே 15 மி.மீ. இடைவெளி என்று வைத்தால், மொத்தம் 20 மி.மீ. கணக்கில் கழிகிறது. ஸ்பிரிங் மாற்றி இறக்கியதே 30 மி.மீ.தான் என்றால் இது சின்ன இழப்பு இல்லை.

அடியில் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். சமதளம், கைபிரேக், பின் சக்கரங்களுக்கு அண்டை, காரின் உடலைத் தாங்க இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள் ஆகிய நான்கும் இருந்த பிறகே வேலை. தாழ்த்திய காரில் ஜாக்கியே உள்ளே நுழையாது. அதனால் முதலில் முன் சக்கரங்களை 40 மி.மீ. கனமுள்ள அகலமான பலகைகள் மேல் ஏற்றிவிட்டு, பிறகு ஜாக்கியை வையுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் மெல்லிய வெல்டிங் விளிம்பில் கண்ட இடத்தில் ஜாக்கியைக் கொடுத்தால் அது மடங்கும். மடங்கிய இடத்தில் பெயிண்ட் வெடித்துத் துரு உள்ளே போகும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில், நடுவில் வெட்டு உள்ள ரப்பர் கட்டை வைத்துத் தூக்குங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

அடி விழுந்த பிறகு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "பக்கத்து ஒர்க்ஷாப் வரைக்கும்" என்ற ஆசையே வேண்டாம். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் போக நிமிடங்கள் போதும். பெட்ரோல், டீசல் வாசனை வந்தாலும், பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலும் இதேதான். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் பல கார்களில் அடித்தளத்தை ஒட்டியே பின்னால் போகின்றன. நசுங்கிய பிரேக் குழாயைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பெரும்பாலான மின்சாரக் கார்களில் அடித்தளம் முழுவதும் பேட்டரிப் பெட்டிதான். அதில் பள்ளம் விழுந்திருந்தால், எச்சரிக்கை எதுவும் எரியாவிட்டாலும், சார்ஜில் போடாமல் முதலில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். அந்தப் பெட்டியில் துளையிட்டுத் தகடு மாட்டும் யோசனைக்கு இடமே இல்லை.

ஒழுகவில்லை, ஆனால் வேகத்தில் ஆயில் விளக்கு மின்னுகிறது

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய காரின் ஆயில் சம்ப் இரும்புத் தகட்டால் ஆனது. ஒரு நாள் அடி விழுந்தது. இறங்கிப் பார்த்தேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அளவுக் கம்பியில் ஆயில் சரியாக இருந்தது. இரண்டு வாரம் நிம்மதியாக ஓட்டினேன். பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. சம்பைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியே பார்த்தால் உள்ளங்கை அகலப் பள்ளம். உள்ளே அதுவே மேடு. அந்த மேட்டின் உச்சியில், ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடை விளிம்பு பதிந்த அரைவட்டத் தடம் பளபளவென்று இருந்தது. சல்லடைக்கும் சம்பின் தரைக்கும் நடுவே இருப்பதே சில மில்லிமீட்டர்தான். பள்ளம் அந்த வாயை முக்கால்வாசி மூடியிருந்தது. மெதுவாகப் போகும்போது கிடைத்த ஆயில், எஞ்சின் வேகமாகச் சுழன்றபோது போதவில்லை.

ஆகவே இரும்பு சம்பில் பள்ளம் இருந்தால், ஒழுகாவிட்டாலும் கழற்றிப் பாருங்கள். அலுமினிய சம்ப் பள்ளம் விழாது; விரிசல் விடும். இரவில் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பழுப்போ கறுப்போ இருந்தால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் பிசுபிசுப்பாக இருந்தால் கூலண்ட், வெறும் தண்ணீர் என்றால் ஏசியின் நீர். விரிசலில் எபாக்சி பசை அப்புவது வீடு வந்து சேர மட்டும்தான். ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் ஒழுங்காகப் பிடிப்பது கடினம். புது சம்ப் போடுவதே நல்லது.

எங்கோ உரசுகிறது, எங்கே என்று தெரியவில்லை

இந்த வேலையின் இதயமே இதுதான். ஒவ்வொரு அடியும் தன் கதையை உலோகத்தில் எழுதிவிட்டுத்தான் போகிறது.

முன்னிருந்து பின்னாகச் செல்லும் நேர்க்கோட்டுக் கீறல் என்றால், கார் மேட்டின் மேல் நகரும்போது உரசியிருக்கிறது. கீறல் தொடங்கும் முனை ஆழமாகவும் வால் மெலிந்தும் இருக்கும். எந்த உறுப்பு முதலில் மோதுகிறது என்பதை அந்த ஆழமான முனை சொல்லும். கோடே இல்லாமல் வட்டமாக நசுங்கிய பளபளப்பு இருந்தால், கார் மேலிருந்து விழுந்து தட்டியிருக்கிறது. அதாவது வேகமும் சஸ்பென்ஷனும்தான் காரணம், மேட்டின் உயரம் இல்லை. சாய்வான கீறல் என்றால் திரும்பியபடியே சரிவில் ஏறியிருக்கிறீர்கள். பழைய தடம் மங்கியிருக்கும், ஈரம் பட்ட இரும்பில் துருவும் படிந்திருக்கும். புதுத் தடம் வெள்ளி போல மின்னும். எல்லாத் தடங்களின் மேலும் வெள்ளைப் பெயிண்டை மெல்லியதாக அடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். எங்கே பெயிண்ட் போயிருக்கிறதோ, அதுதான் இன்றைய பிரச்சினை.

எவ்வளவு நெருங்குகிறது என்று அளக்க, குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். சம்பின் அடியைத் துடைத்துவிட்டு, 20 மி.மீ. உயரத்துக்குச் சின்னச் சின்னக் கூம்புகளாக ஒட்டுங்கள். வெப்பமாகும் சைலன்சர் குழாயில் வேண்டாம். வழக்கமான பாதையில் போய் வந்து பாருங்கள். 8 மி.மீ.யாக நசுங்கிய கூம்பு, அந்த இடம் தரையிலிருந்து 8 மி.மீ.யில் தப்பியது என்று சொல்கிறது. எந்த ஊகமும் இந்த அளவுக்கு நேர்மையாக இருக்காது.

அடி உயரத்தை, அதாவது தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அளக்கும்போது, வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரையும் உட்காரவைத்து, டேங்க் நிறைந்த நிலையில் அளந்து பாருங்கள். காலி வண்டியின் அளவு ஏமாற்றும். டயரையும் பாருங்கள். 195/65 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ.; அதே ரிம்மில் 195/55 போட்டால் சுமார் 595. வித்தியாசத்தில் பாதி, ஏறக்குறைய 20 மி.மீ., அடி உயரத்திலிருந்து போகிறது. ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் பலர் டயர் தின்ற உயரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சரிவில் ஏறும்போது முன் பம்பர் உரசுகிறது

இங்கே தகடு பயன்படாது. ஓட்டும் முறைதான் மருந்து. பிரேக் பிடித்தபடி மேட்டைத் தொட்டால் காரின் மூக்கு தாழ்ந்திருக்கும். முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்குச் சற்று முன் பிரேக்கை முழுவதும் விட்டுவிடுங்கள். இடம் இருந்தால், பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, சாய்வாக ஏறுங்கள். ஒரு சக்கரம் முதலில் ஏறி அந்தப் பக்க மூக்கைத் தூக்கிவிடும். பம்பரின் கீழ் விளிம்பில் மாற்றக்கூடிய ரப்பர் பட்டை ஒட்டினால் பெயிண்ட் தப்பும். உரசும்போது சத்தமும் சீக்கிரமே கேட்கும்.

வேகத்தடையின் உச்சியில் வயிறு தட்டுகிறது

முன் சக்கரங்கள் இறங்கி, பின் சக்கரங்கள் இன்னும் ஏறாத அந்தக் கணம்தான் ஆபத்து. அப்போது மேடு முழுவதும் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அடி உயரம் 130 மி.மீ. உள்ள கார், 100 மி.மீ. மேடு என்றால் மிச்சம் 30. நான்கு பேர் ஏறிக் கார் 30 மி.மீ. தணிந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. முன் சக்கரங்கள் தடக்கென்று இறங்கினால் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். சாய்வாகக் கடப்பது மூக்குக்கு உதவும் அளவு வயிற்றுக்கு உதவாது. நடை வேகத்தில் கடப்பதும், பாரத்தைக் குறைப்பதும்தான் உதவும். தினமும் கடக்க வேண்டிய ஒரு மேடே இப்படித் தட்டினால் உயரத்தைக் கூட்டுங்கள். உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷனில் 10 மி.மீ. ஏற்றினால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது, சம்புக்குத் தெரியும். உயரத்தை மாற்றினால் சக்கர அலைன்மெண்டைச் சரிபார்ப்பது கட்டாயம்.

பள்ளத்தில் இறங்கியதும் "டம்" என்று ஒரே அடி

தட்டியது தரையா, சஸ்பென்ஷனா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஷாக் அப்சார்பர் கம்பியில் பம்ப் ஸ்டாப் என்ற நுரை போன்ற தடுப்பு இருக்கும். சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது உலோகம் உலோகத்தில் மோதாமல் அதுதான் காக்கிறது. ஷாக் கம்பியின் பளபளப்பான பகுதியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாக, ஆனால் தள்ளினால் நகரும்படி மாட்டி, ஷாக்கின் உடல் வரை கீழே இறக்கிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்தால், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடம் வரை அது தள்ளப்பட்டிருக்கும்.

டை பம்ப் ஸ்டாப்பையே தொட்டு நசுங்கியிருந்து, அடியில் புதுத் தடம் இல்லை என்றால், அந்த அடி சஸ்பென்ஷனுக்குள் விழுந்தது. ஸ்டாப் நைந்து போயிருக்கலாம், அல்லது தாழ்த்தும்போது யாரோ அதை எடுத்தே விட்டிருக்கலாம். டை பாதி வழியிலேயே நின்றிருக்க, அடியில் மட்டும் பளபளப்பு இருந்தால் நிலைமை மோசம்: ஸ்டாப் வேலை செய்வதற்கு முன்பே தரை வந்துவிடுகிறது. அந்தப் பாரத்துக்கு ஸ்பிரிங் மென்மை, அல்லது கார் அளவுக்கு மீறித் தணிந்திருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங்கோ, ஸ்டாப்பைச் சீக்கிரம் தொடவைக்கும் வளையமோ போடலாம். பயணம் கொஞ்சம் கரடுமுரடாகும், ஆனால் அடி சம்புக்குப் போகாது. தொழிற்சாலை ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும்.

வேகமெடுத்தால் அடியில் படபடவென்று அடிக்கிறது

பிளாஸ்டிக் அடிமூடியின் கிளிப்புகள் போயிருக்கின்றன. முன் விளிம்பு தொங்கினால் காற்று அதைப் பை போல ஊதும். ஒரு நாள் பிய்த்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் போகும். துளை கிழிந்திருந்தால் அகலமான வாஷர் போட்டு போல்ட்டால் பூட்டுங்கள்.

தகர டப்பா உருள்வது போன்ற சத்தம், கடகடப்பு

எஞ்சின் குளிர்ந்த பிறகு, சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள மெல்லிய வெப்பத் தடுப்புத் தகட்டைக் கையுறை போட்டுத் தட்டிப் பாருங்கள். ஆடினால் துருப்பிடித்த போல்ட் துளைதான் காரணம். நீளமான உலோகக் கிளாம்ப் ஒன்றால் சுற்றி இறுக்கலாம். கழற்றி எறிந்துவிடாதீர்கள்; அந்தத் தகடுதான் மேலே உள்ள கார்ப்பெட்டையும் எரிபொருள் குழாயையும் சூட்டிலிருந்து காக்கிறது.

சத்தம் "புஸ்" என்று காற்றோடு வந்தால், சைலன்சர் குழாயில் எஞ்சினுக்கு அடுத்து வரும் பின்னல் கம்பிக் குழாயைப் பாருங்கள். தாழ்த்திய கார்களில் அதிகம் நசுங்குவது அதுதான். கிழிந்த இடத்தில் கரி படிந்திருக்கும். இதைச் சத்தப் பிரச்சினை என்று தள்ளிப் போடாதீர்கள். வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் கசிந்தால் உயிரைக் குடிக்கும். குழாயைத் தாங்கும் ரப்பர்களும் கிழிந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். தொங்கும் குழாய்தான் அடுத்த வேகத்தடையில் முதலில் மாட்டும்.

திருப்பும்போது உராய்வு, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ்

உராய்வு என்றால் டயர் தனக்கு மேலே வளைந்திருக்கும் உள் பிளாஸ்டிக்கைத் தின்கிறது. ஓட்டை விழுந்தால் அதற்குப் பின்னாலுள்ள ஒயரும் பிரேக் ஹோஸும் அடுத்த இரை. ஹோஸில் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ரிம்மின் உட்புறம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது. சீக்கிரம் மாற்றினால் செலவு அந்த உறையோடு போகும். மண் புகுந்த பிறகு மூட்டே போகும்.

இவ்வளவும் பார்த்தபின், தகடு வேண்டும் என்று முடிவானால்

தடங்கள் முன்னிருந்து பின்னாக, சம்பிலும் சப்ஃபிரேமிலும் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) இருந்தால் தகடு நிச்சயம் பயன் தரும். என் தேர்வு 5 மி.மீ. அலுமினியம். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ கனக்கும்; 5 மி.மீ. அலுமினியம் 13.5 கிலோதான். 5052 வகை அலுமினியம் மடித்தால் விரிசல் விடாமல் வளையும். 6061 கடினமானது, கூர்மையாக மடித்தால் வெடிக்கும். கல்லும் பாறையுமான பாதை என்றால் இரும்பே தாங்கும். வழுக்கும் தன்மைக்காக அடியில் கெட்டிப் பாலிஎதிலீன் பட்டை ஒட்டுபவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் அது 130 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும், சைலன்சர் குழாய்ப் பக்கம் வேண்டாம்.

தகட்டைச் சப்ஃபிரேமில் பூட்டுங்கள். சம்பிலோ அதன் போல்ட்டுகளிலோ பூட்டினால், அடி நேராக நீங்கள் காக்க நினைத்த இடத்துக்கே போகும். முன் பம்பரின் உள் இரும்பையும் சப்ஃபிரேமையும் ஒரே விறைப்பான தகட்டால் இணைக்கவும் கூடாது. மோதலில் மடங்க வேண்டிய பகுதி அது. முன் விளிம்பை மேல்நோக்கி வளையுங்கள். இரண்டு துண்டுகளாகச் செய்தால் ஓடு வேய்வது போல அடுக்குங்கள்: முன் துண்டின் பின் விளிம்பு, பின் துண்டின் முன் விளிம்புக்குக் கீழே வர வேண்டும். அப்போது சாலையை நோக்கி நிற்கும் விளிம்பு எதுவும் இருக்காது. போல்ட் தலைகள் தகட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டே உரசலில் தேய்ந்து, பிறகு கழற்ற முடியாமல் போகும். ஆயில் மாற்ற ஒரு துளை, தண்ணீர் வடிய சில துளைகள், சூடு வெளியேறப் பின்புறம் திறப்பு ஆகியவை அவசியம். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்; நைலான் வாஷரும் போல்ட்டுக்கு, மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையும் வையுங்கள்.

பூட்டிய பிறகு புதிதாக ரீங்காரம் கேட்டால் தகடு எங்கோ சம்பையோ குழாயையோ தொடுகிறது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும் என்பதை மறந்து இடைவெளியைக் குறைத்திருப்பீர்கள். கருகிய வாசனை வந்தால் தகட்டில் தேங்கிய ஆயிலைத் துடையுங்கள். எங்கிருந்து சொட்டுகிறது என்றும் தேடுங்கள், தகடு ஒழுகலை மறைத்துவிடும்.

கருமையான பூச்சு அடித்தும் துரு வருகிறது

காரின் அடியில் அடிக்கும் இந்தப் பூச்சு, தெறிக்கும் கல்லைத் தாங்கத்தான்; தரை தட்டும் அடியைத் தாங்க இல்லை. துருவின் மேலேயே ரப்பர் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, மேலே அழகாகவும் கீழே செதில் செதிலாகவும் இரும்பு போகும். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் சுரண்டிவிடுங்கள். கழுவி, நன்றாகக் காயவிட்டு, கம்பிப் பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்பின் பூச்சு. சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ்கள், கதவுக்குக் கீழுள்ள வடிகால் துளைகள் ஆகிய நான்கிலும் பூச்சு படாதபடி முன்பே மூடிவைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள். பூச்சால் அடைபட்ட வடிகால் துளை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலைமேலும் தொடங்கித் தகட்டின் மேல் முடியும்படி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் தொட வேண்டாம். உடைந்து விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது; கழற்றி, மரையைத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி இறுக்குங்கள்.